ஒரு ஆள், ஒரு டின்

முப்பது வருஷ சர்வீஸில் நான் வாங்கிய மெமோ ஒன்றே ஒன்றுதான். வாங்கிக் கொடுத்த புண்ணியவதி மாவு மில் நடத்துகிறவள். அவளை நினைத்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் வரும். அதைவிட அதிகமாக வெட்கம் வரும்.

நான் பஸ் கண்டக்டர். காலை ஏழேகாலுக்கு எங்கள் வண்டி கடைசி ஸ்டாப்பிலிருந்து கிளம்பும். எதிரிலேயே அவள் மில். அந்த நேரத்துக்கே பெல்ட் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும். அவள் புருவம், மூக்கு நுனி, காதோரம் எங்கும் மாவு அப்பியிருக்கும். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் வெள்ளைக்காரி. கூப்பிட்டால் அவளும் "என்னடா?" என்று திரும்புவாள். கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். மில், வீடு, ஒரே மகள், மூன்றும் அவள் தலையில்தான்.

அவள் ஏழாவதோடு நின்றவள். உயர்நிலைப் பள்ளி பதினொரு கிலோமீட்டர் தள்ளி இருந்தது, அப்போது பஸ் கிடையாது. "நடந்தே போறேன்னு அழுதேன். யாரு காதுல போட்டுக்கிட்டாங்க?" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். பஸ் வந்த பிறகும் பெண்பிள்ளைகளை ஏழாவதோடு நிறுத்துகிற பழக்கம் அந்த ஊரை விட்டுப் போகவில்லை. நான் இந்த ரூட்டுக்கு வந்தபோது ஏறியது இரண்டே பெண்கள். அதில் ஒருத்தி அவள் மகள்.

வீடு வீடாகப் போய்ப் பேசிப் பார்த்தாள். தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். பிறகு பேச்சை விட்டுவிட்டு மில்லில் ஒரு சட்டம் போட்டாள். பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாத வீட்டு டின்னுக்கு வரிசையில் எப்போதும் கடைசி இடம்.

"இது என்ன அநியாயம்? எனக்கு அப்புறம் வந்தவங்களுக்கெல்லாம் அரைச்சுக் குடுத்துட்டே!"

"பொண்ணை எட்டாவதுல சேர்த்துட்டு வாங்க. அப்புறம் முதல் டின் உங்களோடதுதான்."

திட்டினார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனால் பக்கத்தில் வேறு மில் இல்லையே! மில் வாசலில் காத்திருந்த நேரத்தில் அம்மாக்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். மாலையில் ஸ்டாப்பில் நின்று பிள்ளைகளைக் கூட்டிப்போக முறை வைத்துக்கொண்டார்கள். போட்டோ, தலைமையாசிரியர் கையெழுத்து என்று அலைந்து எல்லோருக்கும் இலவச பாஸ் வாங்கியது அவள். இரண்டு வருஷத்தில் இரண்டு பத்தொன்பது ஆனது.

மசியாதவர் ஒரே ஒருவர், கொத்தனார். எட்டாவது போகவேண்டிய அவர் மகள் வீட்டில் இருந்தாள். "மாவு அரைக்கிறவ எனக்குப் புத்தி சொல்றதா?" என்று வாரம் ஒருநாள் டின்னைத் தூக்கிக்கொண்டு டவுன் மில்லுக்கு எங்கள் பஸ்ஸிலேயே வருவார். காசை நீட்டி, "ஒரு ஆள், ஒரு டின்" என்பார். வேறு ஒரு வார்த்தை பேசமாட்டார்.

ஒரு புதன்கிழமை அவள் கையில் ஒரு காகிதத்தோடு பஸ்ஸில் ஏறினாள். முதல் தேதியிலிருந்து ஏழேகால் வண்டி ரத்து என்று டிப்போவிலிருந்து வந்த அறிவிப்பு. காரணம், பயணிகள் இல்லை.

"தினம் பத்தொன்பது பொண்ணுங்க போறாங்க. ஆளே இல்லைன்னு எந்த மகராசன் எழுதினான்? மேனேஜரையே கேக்கறேன்" என்று பொரிந்தாள். மகள் அந்த வருஷம் பத்தாவது பரீட்சை எழுதவேண்டியவள்.

டவுன் நெருங்கியதும் வழக்கம்போல டிரிப் ஷீட்டை எடுத்து எழுதினேன். டிக்கெட் எண்ணிக்கை ஒரு கட்டத்தில், லக்கேஜ் ஒரு கட்டத்தில். பாஸ் என்ற கட்டத்தில் ஒரு கோடு. பாஸை ஒவ்வொன்றாக எண்ண யாருக்குப் பொறுமை? எங்களில் பாதிப் பேர் அங்கே கோடுதான் போடுவோம்.

"அண்ணா, இது என்ன கோடு?"

சொன்னேன். மறைக்க வழியில்லை.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். "டின்னை எழுதியிருக்கீங்க. பொண்ணுங்களை எழுதலை" என்றாள். "ரெண்டு வருஷமா வீடு வீடா ஏறி இறங்கிச் சேர்த்தேனே அண்ணா!"

டிப்போவுக்கு நானும் கூடப் போனேன். மேனேஜர் பழைய ஷீட்டுகளை அவள் முன்னால் போட்டார். "பாருங்கம்மா. வாரத்துல ஒருநாள் ஒரு ஆள், ஒரு டின். மத்த நாள் பூஜ்யம். அப்ப எங்க கண்டக்டர் பொய் எழுதினார்ங்கறீங்களா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. அதுதான் என்னைக் கொன்றது. "ஆமா சார், நான்தான் எழுதலை" என்றேன். அங்கேயே மெமோ டைப் ஆனது.

மேனேஜர் கொஞ்சம் இறங்கிவந்தார். "இருபது மாணவிகள் இருந்தா இதைப் பள்ளிக்கூட டிரிப்பா மாத்தி நிரந்தரமாவே விடலாம். பத்தொன்பதுக்கு ரூல் இல்லை. திங்கட்கிழமை செக்கர் வந்து எண்ணுவார்."

வெள்ளிக்கிழமை கொத்தனாரின் டின் நாள். மில்லைப் பூட்டிவிட்டு அவளும் ஏறினாள். டின்மேல் மூன்று பெண்களின் புத்தகப் பைகள் இருந்தன. அவர் அவை விழாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, டிப்போ ரிகார்டுல இந்த பஸ் உங்க ஒருத்தருக்காகத்தான் ஓடியிருக்கு" என்று ஆரம்பித்து விஷயத்தைச் சொன்னாள். "உங்க பொண்ணு வந்தா இருபது. வரலைன்னா இவங்க எல்லாரும் வீட்டுல. என் மகளும்தான்."

"தனியா அனுப்ப எனக்குப் பயம்" என்றார் அவர் மெதுவாக.

"தனியாவா? உங்களைச் சுத்திப் பாருங்க. இதுல யாரு தனியா நிக்கறா?"

அவர் சரிந்த ஒரு பையை நிமிர்த்தி வைத்தார்.

"என் சட்டம்தான் உங்களை முறுக்கிவிட்டிருந்தா, அது என் தப்பு. இனிமே வந்த வரிசைப்படி அரைக்கறேன். நீங்க பொண்ணை அனுப்பினாலும் சரி, அனுப்பாட்டியும் சரி. ஆனா அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. என்னை யாரும் கேக்கலை."

டவுன் வந்ததும் அவர் பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துவிட்டு டின்னோடு இறங்கினார்.

திங்கட்கிழமை செக்கர் வாசற்படியில் நின்று எண்ணினார். பத்தொன்பது. அவள் மில் வாசலில் நின்றாள், பெல்ட்டை ஓடவிடவில்லை. டிரைவர் என்னைப் பார்த்தார், நான் ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினேன். வேறென்ன செய்வது? ஏழு இருபது ஆனது. செக்கர் பேனாவைத் திறந்தார்.

தெருமுனையில் கொத்தனார் வேகவேகமாக வந்தார். தோளில் டின் இல்லை. பின்னால் ஒரு சிறுபெண், புதுப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். மில்லைத் தாண்டும்போது அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெள்ளைக்காரி மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவர் ஜன்னல் வழியாகக் காசை நீட்டினார். "பாஸ் இன்னும் வாங்கலை. ஒரு ஆள்" என்றார்.

"நீங்க ஏறலையா?"

"பொண்ணுக்கு மட்டும்தான்."