மாலை போடாத படம்

லண்டன் ஹரோவில் சேலை பிளவுஸ் தைக்கும் நீலவேணியிடம் அழகான ஒரு பொய் உண்டு. பழைய பிளவுஸ் இறுக்குகிறது என்று யார் வந்தாலும், துணி சுருங்கிவிட்டது என்பார். உடம்பைப் பற்றி மூச்சு விடமாட்டார். அந்தப் பொய்க்காகவே நகரின் மறுகோடியில் இருக்கும் எட்மண்டனிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

அவர் நெற்றியில் எப்போதும் பெரிய சிவப்புப் பொட்டு. 2009இல் பிறந்த நாட்டில் போர் முடிந்தபோது, விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்ற சீருடைக்காரர்களிடம் கணவர் சண்முகராசாவை அவரே கொண்டுபோய் ஒப்படைத்தார். பஸ் புறப்பட்டது. பிறகு அங்கே ஆண்டவர்கள் மாறினார்கள், விசாரணை ஆணைக்குழுக்கள் மாறின. பஸ் எங்கே போனது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

பிரான்சில் சில காலம் இருந்துவிட்டு மகளோடு லண்டனுக்கு வந்தார். இந்த ஊர் மேல் அவருக்கு நன்றி அதிகம். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் பொட்டையும் பார்ப்பதில்லை, புருஷனைப் பற்றியும் கேட்பதில்லை. அதற்கென்றுதான் எங்கள் சனம் இருக்கிறதே.

மே மாதம் வந்தால் போரில் இழந்தவர்களுக்கு நினைவேந்தல். அழுகிறவர்களைவிடக் கமிட்டிக்காரர் சில வேளை அதிகம். நீலவேணி போகும் கமிட்டிக்குத் தலைவர் ஆனந்தராஜா, ஓய்வுபெற்ற கணக்காளர். இதுவரை எல்லா முகங்களையும் ஒரே துணிப் பதாகையில் அச்சடித்துத் தொங்கவிட்ட அவருக்கு இந்த ஆண்டு ஒழுங்குமேல் ஆசை வந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனிப் படச்சட்டம், தனி மின்விளக்கு, தனிச் சந்தனமாலை.

பக்கத்து வீட்டுக் கமலாம்பிகையோடு மண்டபத்துக்குள் வந்த நீலவேணி மேடையைப் பார்த்தார். சண்முகராசா மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீடுகளில் மாலை போட்ட படத்துக்கு ஒரே அர்த்தம்தான். நேரே ஏறிப்போய் மாலையைக் கழற்றினார்.

ஆனந்தராஜா ஓடிவந்தார். எல்லாப் படமும் மாலையோடு இருக்க ஒன்று மட்டும் வெறுமையாக நின்றால் கமிட்டி கஞ்சத்தனம் செய்ததாகச் சனம் கதைக்கும் என்றார். ஆத்மா சாந்திக்காவது விடு என்று கமலாம்பிகை கையைப் பிடித்து இழுத்தார்.

"பஸ்ஸில ஏத்தினவையே இன்னும் வாய் திறக்கேல்லை, அண்ணை. நீங்கள் ஏன் அவைக்காகச் சொல்லுறியள்?"

நீலவேணி மாலையை ஆனந்தராஜாவின் கையில் கொடுத்தார். ஆனால் நீலவேணிக்கும் வேறு வழி தெரியவில்லை. மாலையோடு விட்டால் தன் மனுசனைத் தானே புதைத்ததாகும். படத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் இந்தச் சபையிலிருந்தும் அவர் காணாமல் போய்விடுவார்.

மாலை வேண்டாமென்றால் ஒரு தேத்தண்ணியாவது முன்னால் வைப்போமா என்று தலைவர் இறங்கிவந்தார். அது படையல் என்று கமலாம்பிகை தடுத்தார். விளக்கும் ஆகாது, பூவும் ஆகாது. செத்தவருக்குச் செய்ய எங்களிடம் ஆயிரம் இருக்கிறது. காணாமல் போனவருக்குச் செய்ய ஒன்றுகூட இல்லை.

ஆனந்தராஜா கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். பிறகு படத்தை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். கலியாணமோ அரங்கேற்றமோ, எந்த மண்டபத்துக்குப் போனாலும் பிந்தி வரும் உறவுக்காரருக்குக் கைப்பையை வைத்துக் கதிரை பிடிப்பது எங்கள் வழக்கம். கைப்பை இல்லாவிட்டால் சால்வை, பிள்ளையின் காலில் கழற்றிய சப்பாத்து. தலைவர் தன் கோட்டைக் கழற்றி முன்வரிசைக் கதிரை ஒன்றின் முதுகில் போட்டார். படத்தை அதில் இருத்தினார்.

"வாற ஆளுக்குத்தான் தங்கச்சி கதிரை பிடிக்கிறது," என்றார்.

நீலவேணி பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாய் வந்தன.

"கலியாணத்துக்கே பிந்தி வந்த மனுசன், அண்ணை."

மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்துபோய்த் காணாமல் போன தன் மகனின் மாலையைக் கழற்றி, படத்தைக் கொண்டுவந்து அடுத்த கதிரையில் வைத்து, தன் சால்வையைப் போட்டார். பிறகு இன்னொருவர். மாலையை அப்படியே விட்டவர்களும் இருந்தார்கள். அவர்களை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நிகழ்ச்சி தொடங்கும்போது முன்வரிசை நிறைந்துவிட்டது. சிறப்பு விருந்தினர் சுவரோரம் நிற்க வேண்டியதாயிற்று. கால் வலித்ததோ என்னவோ, பேச்சைச் சீக்கிரம் முடித்தார். அதற்கும் சபை நன்றியோடு கை தட்டியது.

கூட்டம் கலைந்ததும் ஆனந்தராஜா தயங்கித் தயங்கிக் கோட்டை எடுக்க வந்தார். நன்றி சொல்லத்தான் நீலவேணி வாய் திறந்தார். 

"இந்தப் பொத்தான் கழண்டு தொங்குது, தாங்கோ அண்ணை."

கைப்பையிலிருந்து ஊசியும் நூலும் வெளியே வந்தன. மண்டபத்தைப் பூட்டவேண்டிய தலைவர் சாவியோடு பொறுமையாக நின்றார். படத்தை மடியில் வைத்துக்கொண்டு நீலவேணி அந்தப் பொத்தானைத் தைத்தார். பிறகு, ஒரு குறையும் இல்லாத மற்றப் பொத்தான்களையும் ஒவ்வொன்றாக இறுக்கித் தைத்தார்.