சித்தப்பாவின் காடியும் ஆறு மங்குப் பாலும்

மெர்கோங்கில் என் மகன் புதுக் கார், எங்கள் பேச்சில் காடி, வாங்கி இன்றைக்குப் பதினோரு நாள். அதற்குள் ஒன்பது முறை குளிப்பாட்டிவிட்டான். பெற்ற பிள்ளைகளை இப்படிக் குளிப்பாட்டியிருப்பானா என்று மருமகள் கேட்கிறாள். நியாயமான கேள்விதான்.

இரண்டு வாளி வைத்துக்கொள்கிறான். ஒன்றில் சோப்பு நுரை, இன்னொன்றில் வெறும் தண்ணீர். கூரையில் தொடங்கிக் கீழே இறங்குகிறான். துடைக்கிற துணி தரையில் விழுந்துவிட்டால் அந்தத் துணிக்கு அன்றோடு வேலை போயிற்று. என் அடுப்படிக்கு வந்துவிடும். வெயில் ஏறுவதற்குள் கழுவி முடித்துவிட வேண்டுமாம். இல்லாவிட்டால் தண்ணீர் காய்ந்து புள்ளி புள்ளியாகக் கறை விழுமாம். இதையெல்லாம் கைபேசியில் எவனோ சொல்லக் கேட்டுக்கொண்டிருக்கிறான். என்னைக் கேட்டிருக்கலாம்.

நேற்று இரண்டு பேர் வீட்டுக்கு வந்து காடியின் முன்பக்கம் முழுவதும் கண்ணாடி போல ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். தொட்டுப் பார்க்கலாம் என்று போனேன்.

"அம்மா, தொடாதீங்கம்மா! இன்னும் காயல."

"என்னடா அது?"

"பெயின்ட்டுக்கு மேல ஒரு தோல் மாதிரிம்மா. கல்லு தெறிச்சாலும் காக்கா எச்சம் போட்டாலும் இதுக்குத்தான் படும். பழசாச்சுன்னா உரிச்சுப் போட்டுடலாம். உள்ள பெயின்ட் புதுசு மாதிரியே இருக்கும் லா. இப்பதான் எல்லாரும் ஒட்டுறாங்க."

"இப்பதானா?"

"ஆமாம்மா. உங்களுக்கு இதெல்லாம் தெரியாது."

நான் உள்ளே வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் மூன்றாவதைத் தாண்டாதவள்தான் நான். ஆனால் இந்த வேலையை எட்டு வயதில், பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், யாரும் சொல்லிக் கொடுக்காமல் தனியாகச் செய்து முடித்தவள்.

எங்கள் சித்தப்பா தோட்டத்து லாரி ஓட்டினார். ஒரு நாள் பஸ் ஏறி அலோர் ஸ்டாருக்குப் போனவர், திரும்பி வரும்போது ஒரு கருநீலக் காடியை ஓட்டிக்கொண்டு வந்தார். லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனம் மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது. அதுவரை எங்கள் தோட்டத்தில் காடி என்றால் தோட்டத்துத் துரைக்கு ஒன்று, ஆபீஸில் கணக்கு எழுதுகிற பெரிய கிராணிக்கு ஒன்று. லயத்து வாசலில் காடி நிற்பது அதுதான் முதல் தடவை. அம்மா ஆரத்தி எடுத்தாள். நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள்.

"புதுசா?" என்று அப்பா கேட்டார்.

"புதுசுதாண்ணே, பாத்தா தெரியல?" என்றார் சித்தப்பா.

பார்த்தால் தெரிந்தது. அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி மின்னியது.

அந்தக் காடியை அவர் கழுவுவதைப் பார்க்க வேண்டும். விடிகிற நேரத்தில் பொதுக் குழாயில் தண்ணீர் வந்ததும் முதல் இரண்டு வாளி அவருக்குத்தான். சண்டை போட்ட பெண்களும் பிறகு விட்டுக்கொடுத்துவிட்டார்கள். துணி படுவதற்கு முன்னால் வெறும் தண்ணீரை ஊற்றியே மண்ணை இறக்குவார். அப்புறம் கூரை, கண்ணாடி, கதவு என்று மேலிருந்து கீழே வருவார். துவைத்துத் துவைத்து மிருதுவாகிப்போன பழைய வேட்டிதான் துணி. அழுத்தித் தேய்க்கவே மாட்டார். யாரையும் தொட விடவும் மாட்டார். எங்கள் வீட்டில் வைத்த மாடாக இருந்தாலும் ஒரு தடவையாவது தடவ விட்டிருப்பார்கள் என்று அம்மா முணுமுணுப்பாள்.

லயத்தை ஒட்டிப் போகிற எங்கள் தோட்டத்துச் சடக்கு செம்மண் பாதை. ஒரு லாரி போனால் லயம் முழுவதும் சிவந்துவிடும். சித்தப்பாவின் எதிரி அந்தத் தூசிதான். அதனால் காடி பெரும்பாலும் ஓடாமல் நின்றுகொண்டே இருந்தது. பீடோங்குக்குப் போக அவர் சைக்கிளைத்தான் எடுப்பார். காடி வைத்திருக்கிற மனுஷன் ஏன் சைக்கிளில் போகிறார் என்று நான் கேட்டதில்லை. புதுச் சட்டையைத் தீபாவளிக்கு எடுத்து வைப்பதில்லையா, அது மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பாவுக்கு அப்போது முப்பது வயது. பார்த்த இரண்டு பெண்ணும் கை நழுவிப் போயிருந்தது. லயத்து வீட்டுக்குப் பெண் தரமாட்டேன் என்று ஒரே பதில். மூன்றாவதாகப் பண்டார் பாருவில் ஒரு இடம். அந்தப் பெண்ணின் அப்பாவும் முதலில் தலையாட்டவில்லை. மாப்பிள்ளை சொந்தமாகப் புதுக் காடி வைத்திருக்கிறார் என்று தரகர் சொன்ன பிறகுதான், சரி, ஒரு தடவை வந்து பார்க்கிறேன் என்றாராம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருகிறார்கள். இதுவும் போய்விட்டால் இனிமேல் பெண் பார்க்கவே வேண்டாம் என்று சித்தப்பா சொன்னதை நானே கேட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை காடியை இரண்டு முறை கழுவினார். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டுக்குப் போய்விட்டார்கள். தோட்டத்தில் மரத்துக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை. லயத்தில் பெரியவர்கள் யாரும் இல்லை. சித்தப்பாவுக்குப் பீடோங்கில் பழமும் பலகாரமும் வாங்க வேண்டியிருந்தது. சைக்கிளை எடுத்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, நான் வர்ற வரைக்கும் நீதான் காவல். கோழி ஏறக்கூடாது. பிள்ளைங்க தொடக்கூடாது. தூசி கீசி விழாம பாத்துக்க."

"தூசி விழுந்தா?"

"விழக்கூடாது."

அவ்வளவுதான் சொன்னார். ஏறி மிதித்துப் போய்விட்டார்.

கோழியை விரட்டலாம், பிள்ளைகளை மிரட்டலாம். இரண்டையும் நன்றாகவே செய்தேன்; பிள்ளைகள் பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. தூசியை என்ன செய்வது? முதல் லாரி போனது. முன்பக்கத்தில் லேசாகச் சிவப்புப் படிந்துவிட்டது. பாவாடையால் விசிறினேன். போகவில்லை. துணியால் துடைத்தால் கோடு விழும் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். தண்ணீர் ஊற்றலாம் என்றால் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. ஒரு வாளியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை ஊற்றித் தூசியை இறக்கிவிட்டேன். அடுத்த லாரி வந்தால்?

அப்போதுதான் அம்மாவின் கை ஞாபகம் வந்தது. வேலை முடிந்து வரும்போது அவள் முழங்கை வரைக்கும் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருக்கும். படியில் உட்கார்ந்து அதை உரிப்பாள். உறை மாதிரி கழன்று வரும். அழுக்கு, மண், கொசுவை அடித்த ரத்தம் எல்லாம் உரிந்த பாலோடு போய்விடும். உள்ளே கை பச்சைப்பிள்ளை கை மாதிரி சுத்தமாக இருக்கும். உரிக்கிற வேலையை எனக்கே சில நாள் கொடுப்பாள். எனக்கு அது பிடித்தமான வேலை.

காடிக்கும் அதையே செய்தால் என்ன? பாலைப் பூசிவிட்டால் தூசி பாலின் மேல்தான் விழும். சித்தப்பா வருவதற்குள் உரித்துப் போட்டுவிடலாம். இதில் எங்கே தப்பு வரும் என்று இன்றைக்கு யோசித்தாலும் எனக்குத் தெரியவில்லை. என் மகன் வீட்டுக்கு வந்த அந்த இரண்டு பேரும் இதைத்தானே செய்தார்கள்?

லயத்துக்குப் பின்னாலேயே பால் மரம். விடியலில் வெட்டிய மரங்களில் கட்டியிருந்த மங்குகளில், அந்தச் சின்னக் கிண்ணங்களில், பால் நிறைந்து நின்றது. தோட்டத்துப் பாலில் கை வைப்பது திருட்டு என்று தெரியும். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் பார்த்தால் அப்பாவுக்குத்தான் ஏச்சு விழும். அதனால் ஒரே வரிசையில் எடுக்காமல் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஆறு மங்குப் பால் எடுத்தேன். காடியின் முன்மூடி மேல் ஊற்றி உள்ளங்கையால் பரப்பினேன். தோசை வார்ப்பது மாதிரிதான். ஓரத்தில், விளக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் தடிப்பாகப் போய்விட்டது.

வெள்ளையாக இருந்தது வெயிலில் மஞ்சளாகி, பிறகு கண்ணாடி மாதிரி ஆனது. அடியில் நீலம் தெரிந்தது. இரண்டாவது லாரி போனது. தூசி எல்லாம் பாலின் மேல் உட்கார்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நானே அந்தக் காடியைச் செய்தது மாதிரி சுற்றிச் சுற்றி வந்தேன்.

உரிக்க ஆரம்பித்தேன். பாம்புச் சட்டை மாதிரி நீளமாக வந்தது. அடியில் நீலம் முன்னைவிடப் பளபளத்தது. நடுவில் வந்தது, இடது பக்கம் வந்தது. வலது விளக்குப் பக்கம் வந்ததும் கொஞ்சம் பிடித்து இழுத்தது. நானும் இழுத்தேன். வந்துவிட்டது. உரிந்த பாலின் பின்பக்கம் நீலம் ஒட்டியிருந்தது. காடியில் மூன்று விரல் அகலத்துக்குச் சிவப்பு.

செம்மண் தூசி என்று முதலில் நினைத்து எச்சில் தொட்டுத் துடைத்தேன். போகவில்லை. பாவாடை நுனியை வாளி அடியில் இருந்த ஈரத்தில் நனைத்துத் துடைத்தேன். இன்னும் நன்றாகச் சிவந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, அல்லது விளங்கியது என்று நினைத்தேன். மனுஷனுக்குத் தோல் உரிந்தால் உள்ளே சிவப்பு. காடிக்கும் அப்படித்தான். நான் சித்தப்பாவின் காடியைச் சதை தெரிகிற வரைக்கும் உரித்துவிட்டேன்.

சைக்கிள் மணி கேட்டது. பால் சுருளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றேன். சித்தப்பா வாழைப்பழச் சீப்போடு இறங்கினார். காடியைப் பார்த்தார். சீப்பு மண்ணில் விழுந்தது. அடி விழும் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தால், அவர் விளக்குக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லயத்தின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தார்.

"யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்ல சித்தப்பா."

"நீ யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லக் கூடாது. அப்பாகிட்டயும் சொல்லக் கூடாது, அம்மாகிட்டயும் சொல்லக் கூடாது. என் மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். எனக்கு அழுகை வந்தது. என்னை அப்பாவின் பெல்ட்டிலிருந்து காப்பாற்ற ஒரு மனுஷன் இவ்வளவு கவலைப்படுகிறாரே என்றுதான் அழுதேன்.

உள்ளே போய்ச் சாமித் தட்டிலிருந்து சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்தார். சிவப்பு மறைகிற அளவுக்குச் சந்தனத்தை அப்பி, நடுவில் பெரிதாகக் குங்குமம் வைத்தார். எட்ட நின்று பார்த்தார். திருப்தி இல்லை. இடது விளக்குப் பக்கத்திலும் அதே மாதிரி ஒன்று வைத்தார்.

"அங்கதான் ஒண்ணும் ஆகலியே சித்தப்பா?"

"ஒரு பக்கம் மட்டும் இருந்தா ஏன்னு கேப்பாங்க. வாய மூடு."

மத்தியானம் பீடோங்கில் பஸ் இறங்கியவர்களைக் காடியில் அழைத்து வந்தார். பெண்ணின் அப்பா பருத்த மனிதர். வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் காடியை ஒரு சுற்றுச் சுற்றினார். கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். சக்கரத்தை உதைத்துப் பார்த்தார். சித்தப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பெண்ணின் அப்பா வலது விளக்குக்கு முன்னால் வந்து நின்றார். சந்தனத்தைப் பார்த்தார். கையை நீட்டினார்.

நான் சித்தப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் குங்குமத்தை மட்டும் ஒரு விரலால் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன பாப்பா, காடி புதுசா?"

"புதுசுதான் தாத்தா," என்றேன். "உள்ள வரைக்கும் புதுசு."

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். சாப்பிட்டுக் கை கழுவும்போது பெண்ணின் அப்பா எங்கள் அப்பாவிடம், காடி கிடக்கட்டும், மாப்பிள்ளைக்கு இந்த வயதில் இவ்வளவு தெய்வ பக்தி இருக்கிறதே, அதுதான் எனக்குப் பிடித்தது என்றார். அடுத்த மாதம் கல்யாணம்.

சித்தப்பாவும் சித்தியும் இப்போது இல்லை. அந்தக் காடியும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன். எனக்குக் கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பெற்ற பிறகு, ஒரு நாள் பீடோங்கில் ஒரு பட்டறை வாசலில் நின்றிருந்தேன். உள்ளே ஒரு பழைய சிவப்புக் காடிக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பாதி அடித்தாகிவிட்டது. அந்தப் பக்கம் பழசு, இந்தப் பக்கம் புதுசு. அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்து நான் சிரித்த சிரிப்பில் என் வீட்டுக்காரர் பயந்துபோனார். என்னவென்று கேட்டார். சொல்லவில்லை. சத்தியம் பண்ணியது பண்ணியதுதான். நம்பர் தகட்டைப் பார்த்துக் காடிக்கு வயது சொல்ல லயத்தில் யாருக்கும் தெரியாது. பெரிய கிராணிக்குத் தெரிந்திருக்கும். அவரும் மூச்சு விடவில்லை, நல்ல மனுஷன்.

இதையும் சொல்ல வேண்டும். கல்யாணமான பிறகு காடி கழுவுகிற வேலையைச் சித்தி எடுத்துக்கொண்டாள். யாரையும் தொட விடாத சித்தப்பா அவளிடம் மட்டும் பேசாமல் கொடுத்துவிட்டார். தண்ணீர் ஊற்றுகிற வேலை எனக்கு. கூரையிலிருந்து கீழே வருவாள், வேட்டித் துணியால் மெதுவாகத் துடைப்பாள். வலது விளக்குப் பக்கம் வந்ததும் துணியை என்னிடம் கொடுத்துவிடுவாள். பழைய சந்தனத்தை விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊறவைத்து எடுப்பாள். யாராவது அந்தப் பக்கம் வந்தால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நின்றுகொள்வாள். அவர்கள் போன பிறகு புதுச் சந்தனம் அப்பி, குங்குமம் வைப்பாள். இடது பக்கத்துக்கும் அதே மாதிரி ஒன்று. அப்புறம் வாசலில் நிற்கிற சித்தப்பாவைத் திரும்பிப் பார்ப்பாள். அவர் தலையைக் குனிந்துகொள்வார்.

வாளியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற நான், சித்திக்கும் சாமி பக்தி அதிகம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.