ஆறு மணி லைன்

மாரமங்கலத்துக்கு மேலே இருந்த காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரின் மனைவி மரியபுஷ்பம். மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்ததால் அவள் வாசலைத் தாண்டுவதே இல்லை. வெளியுலகம் என்று அவளுக்கு இருந்தது முன்னறையில் இருந்த எஸ்டேட் போன்தான்.

அந்த நாளில் அக்கம்பக்கத்து நாலு எஸ்டேட்டுக்கும் சேர்த்து ஒரே லைன். ஒருவர் பேசினால் எல்லாருக்கும் கேட்கும். முதலாளிகளுக்கு அது எரிச்சல். ரைட்டர் வீட்டுப் பெண்களோ சாயங்காலம் ஆறு மணியானால் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை. எடுத்தால் மற்றவர்கள் இருப்பார்கள். பிள்ளையின் காய்ச்சல், கொழுந்தனின் குடி என்று பேச்சு ஓடும். ஒருத்தி முகம் இன்னொருத்திக்குத் தெரியாது.

எண்பத்தெட்டில் ஒவ்வொரு எஸ்டேட்டுக்கும் தனித்தனி லைன் வந்தது.

"இனிமே நீங்க பேசறது யாருக்கும் கேக்காதுங்க" என்று லைன்மேன் பெருமையாகச் சொன்னார். பெரிய உபகாரம்.

ஆறு மணிக்கு மரியபுஷ்பம் பழக்கத்தில் ரிசீவரை எடுத்தாள். வெறும் இரைச்சல். வைக்க மனம் வராமல் தினமும் அதையே கேட்டாள்.

ஒரு மத்தியானம், பழைய லைனில் பேசுகிறவர்களில் ஒருத்தியான இன்பமேரி வெள்ளக்கடை எஸ்டேட்டிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏனுங்கக்கா, ஆறு மணிக்கு எப்பப் போட்டாலும் என்கேஜாவே இருக்குதுங்க?"

"சும்மா காதுல வெச்சிருக்கறனுங்க. இனி எடுக்கலீங்க. உங்களுக்கு வேலை ஒழியறப்பக் கூப்பிடுங்க."

"ஐயோ, உங்க மாமியாரைப் பாக்கோணுமல்லங்க. உங்களுக்கு ஒழியறப்ப நீங்களே கூப்பிடுங்கக்கா."

அன்று ஆறு மணிக்கு மரியபுஷ்பம் ரிசீவரைத் தொடாமல், மணி அடிக்கும் என்று போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளக்கடையில் இன்பமேரியும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.