பக்கத்து இருக்கையின் காது

பியோன் கும்சில் நன்றாக ஜெபிப்பாள் என்பது கொரியாவின் குன்சான் ஊர்ச் சந்தை முழுவதும் தெரிந்த விஷயம். புதுக் கடை திறப்பு, தேர்வுக்குப் போகும் பிள்ளை, முதுகுவலிக்காரக் கிழவர், எதுவானாலும் அவளுடைய தொடுகறிக் கடைக்கு வந்து அவளைத்தான் கூப்பிடுவார்கள். கையிலிருக்கும் மிளகாய் விழுதைத் துடைத்துவிட்டுக் கண்ணை மூடினாள் என்றால் தங்குதடையில்லாமல் கொட்டும். சபை மூத்த பெண்களுக்குத் தரும் குவன்சா பட்டத்தை அவளுக்குக் கொடுத்தபோது, இத்தனை நாள் ஏன் கொடுக்கவில்லை என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அப்பேர்ப்பட்ட கும்சில் இரண்டு வருடமாகக் கடவுளிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. எங்கள் சபையின் அதிகாலை ஜெபம் அப்படி. ஐந்து மணிக்கு ஒரு பாட்டு, சின்னதாய் ஒரு பிரசங்கம், பிறகு விளக்கை அணைத்துவிடுவார்கள். மூன்று முறை "கர்த்தரே" என்று எல்லோரும் சேர்ந்து கூவிவிட்டு, அவரவர் பாரத்தை அவரவர் வாய்விட்டு இறக்க வேண்டும். அத்தனை இரைச்சலில் யார் காதில் என்ன விழப்போகிறது என்று புதிதாய் வருகிறவர்கள் நினைப்பார்கள். பக்கத்து இருக்கையில் தாக் மால்சுன் என்கிற சபைக்காரி உட்கார்ந்திருந்தால் எல்லாம் விழும்.

ஒருமுறை மீன்கடைக்காரி தன் மகன் சூதாடுகிறான் என்று இருட்டில் அழுதாள். அன்று மதியத்துக்குள் நான்கு பெண்கள் அரிசிப் பணியாரத்தோடு ஆறுதல் சொல்ல வந்துவிட்டார்கள். ஒரு மாதம் ஆறுதல் தாங்கினாள், பிறகு வேறு சபைக்குப் போய்விட்டாள்.

அதனால்தான் தன் மகள் ஹேவொன், தோளில் நீலம் பாய்ந்த தடத்தோடு புருஷனை விட்டு வெளியேறியபோது கும்சில் மூச்சு விடவில்லை. ஆனால் மகளைப் பற்றி ஜெபிப்பதைத் திடீரென்று நிறுத்தினால் மால்சுன்னுக்கு மூக்கு வேர்க்குமே. ஆகவே பழைய வரியையே தினமும் சொன்னாள். "என் மகளையும் மருமகனையும் பிரிக்க முடியாதபடி இணைத்துக் காத்தருளும், பிதாவே." வீட்டில் தனியாக முழங்காலிட்டாலும் அந்த வாக்கியம்தான் முன்னால் வந்து நின்றது. மேடைக்குப் பழகிய நாக்கு தனிமையில் வேறு எதையும் சொல்ல மறுத்தது. ஆமென் சொல்லி எழுந்துவிடுவாள். நெஞ்சில் இருந்தது நெஞ்சிலேயே கிடந்து புளித்தது.

புதன்கிழமை மதியம் கீரை பிசறிக்கொண்டிருந்தபோது ஹேவொன் சோன்ஜூ நகரிலிருந்து போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்குக் கோர்ட்டுல கடைசி விசாரணை."

"தெரியும்டி. நான் ஜெபம் பண்ணிட்டுத்தான் இருக்கேன்."

"என்னன்னு பண்றே?"

கும்சில் கீரையை இன்னும் வேகமாகப் பிசறினாள்.

"அவன் விவாகரத்து வேண்டாம்னு எழுதிக் கொடுத்திருக்கான்மா. 'என் மாமியாரே நாங்க சேரணும்னு தினமும் காலைல ஜெபம் பண்றாங்க'ன்னு அதுல இருக்கு. வக்கீல் படிச்சுக் காட்டினார்."

"அவனுக்கு எப்படி..."

"போன மாசம் ஏதோ சாவு வீட்ல மால்சுன் அம்மாவைப் பாத்தானாம். அவங்கதான் முதுகைத் தட்டிக்கொடுத்து, 'கொடுத்து வச்சவன்பா நீ'ன்னு சொன்னாங்களாம். பொய்தானேம்மா அது?"

"கடைல ஆள் நிக்குது. அப்புறம் பேசறேன்."

கடையில் ஒரு ஈ காக்கை இல்லை. கும்சில் கீரைக்கு உப்பை இரண்டு முறை போட்டாள். வக்கீலுக்குப் போன் பண்ணி எல்லாம் பொய் என்று சொல்லலாம். சொன்னால் மருமகன் பக்கத்து ஆட்கள் மால்சுன்னைச் சாட்சிக்கு இழுப்பார்கள், சந்தை சிரிக்கும். சொல்லாவிட்டால் மகள் அந்த வீட்டுக்கே திரும்ப வேண்டி வரலாம். ஒரு முடிவுக்கும் வராமல் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் விடிகாலை வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். மால்சுன் அவள் கையைப் பிடித்து, "முகமெல்லாம் வீங்கியிருக்கே குவன்சா, தூங்கலையா?" என்றாள்.

"உப்பு கூடிப்போச்சு, வேறொண்ணுமில்ல."

விளக்கு அணைந்தது. எல்லோரும் மூன்று முறை கூவினார்கள். கும்சில் வாயைத் திறந்தாள். அதே வரி தானாக வந்தது. "என் மகளையும் மருமகனையும் பிரிக்க முடியாதபடி..."

அத்தோடு நிறுத்திவிட்டாள். இரண்டு வருடம், ஒரு நாள் தவறாமல், பெற்ற மகளைப் பிடித்து அந்தக் கைகளுக்குள் தள்ளு என்றல்லவா கேட்டிருக்கிறாள். கடவுள் அதைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தால்? ஜெபத்துக்குப் பலன் உண்டு என்று ஊருக்கெல்லாம் சொன்னவளுக்கு முதல் முறையாக அந்தப் பலனே பயமாகிவிட்டது.

"கேக்காதீங்க ஆண்டவரே," என்றாள். "நான் இத்தனை நாள் கேட்டது எதையும் கேக்காதீங்க. மால்சுன்னுக்குப் பயந்துதான் சொன்னேன். அவன் எம்பொண்ணை அடிச்சான். அவ வெளிய வந்துடட்டும்."

பக்கத்தில் மால்சுன்னின் ஜெபம் நின்றுபோனது. கும்சிலுக்கு அது கேட்டது. குரலைத் தணிக்காமல் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். அலங்காரமாக ஒரு சொல்லும் வரவில்லை, தேடவும் இல்லை, மூக்கு ஒழுகியது. ஆனால் ஒன்பது மணிக்கு நீதிபதியின் மேசையில் இருக்கப்போவது அவளுடைய பழைய ஜெபம்தான்.