வராத புயலுக்கு வாங்கிய தக்காளி

கடலூர்க்காரர்களிடம் புயல் என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த நிமிஷம் கையில் ஒரு பை இருக்கும். துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று டிவிக்காரர் சொல்லி முடிப்பதற்குள் மெழுகுவர்த்தி தீர்ந்துவிடும், பிரெட் தீர்ந்துவிடும், பால் பாக்கெட்டுக்குத் தள்ளுமுள்ளு நடக்கும். எங்களைக் குறை சொல்ல முடியாது. முன்பொரு புயலில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல், ரசத்துக்கு ஒரு தக்காளி கிடைக்காமல் திண்டாடியவர்கள் நாங்கள்.

போன கார்த்திகையிலும் அப்படித்தான். ஒரு பெட்டித் தக்காளியை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினேன். தெருவே பார்த்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

புயல் மனசு மாறி வடக்கே போய்விட்டது. மறுநாள் காலையில் சுள்ளென்று வெயில். டிவியில் வேறு ஏதோ ஊர்க் கடற்கரையைக் காட்டி, கரையைக் கடந்துவிட்டது என்றார்கள். என் மனைவி பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அது கடந்துடுச்சி. இது எப்பங்க கடக்கும்?"

"ஃப்ரிட்ஜ் எதுக்கு இருக்கு?" என்றேன்.

அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினாள். இட்லி மாவு, மூன்று கிண்ணங்களில் மூன்று நாள் குழம்பு, பாதி எலுமிச்சம்பழம், என் சர்க்கரை மருந்து. "ஒரு கருவேப்பிலக் கொத்து வைக்க எடமில்ல இதுல. நல்லாக் கேட்டுக்குங்க. ஒரே ஒரு தக்காளி குப்பைக்குப் போச்சின்னாலும் சந்தைப் பைய என்கிட்ட குடுத்துடணும். நான் போன்லயே ஆர்டர் போட்டு வாங்கிக்கிறேன். பொண்ணு அன்னைக்கே சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்கா."

விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அவள் குரலிலேயே தெரிந்தது.

அந்தப் பை வெறும் பை இல்லை. நான் பத்தாவதோடு நின்றவன். கோர்ட் வாசலில் உட்கார்ந்து ஊரார் மனுக்களை டைப் அடித்தே காலத்தை ஓட்டினேன். கண் மங்கியதும் மிஷினை மூடினேன். அதற்குப் பிறகு "என்ன சார், இன்னைக்கு லேட்டு?" என்று என்னைக் கேட்க இந்த ஊரில் உழவர் சந்தையை விட்டால் வேறு இடம் இல்லை. காலையில் அங்கே போய், நாலு பேர் பேசுவதைக் காதில் வாங்கிக்கொண்டு, கால் கிலோ அவரைக்காயோடு திரும்பினால்தான் அன்றைக்கு நான் இருக்கிறேன் என்றே எனக்குப் படும்.

அதனால் பெட்டியைப் பிரித்து எனக்குத் தெரிந்தபடி கழுவி வைத்துவிட்டு, நேரே தக்காளிக்காரம்மாவிடம் ஓடினேன். என் மகள் வயதுதான். பெட்டியை விற்றவளும் அவளேதான்.

"எப்படி வச்சிருக்கீங்க சார்?"

"நல்லாக் கழுவி, அண்டாவுல கொட்டி, தட்டு போட்டு மூடி வச்சிருக்கேன்மா."

தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ சார்! தக்காளியும் சம்பந்திங்களும் ஒண்ணு. நெருக்கி உக்கார வச்சா ரெண்டே நாள்ல கெட்டுப்போயிடும். கழுவவே கூடாது, ஆக்கும்போது கழுவிக்கலாம். போயி ஈரம் போவத் தொடைங்க. காம்பு இருந்த பக்கம் கீழ இருக்கணும். பேப்பர் விரிச்சி ஒண்ண ஒண்ணு தொடாம வைங்க. ரொம்பப் பழுத்தத அரிஞ்சி உப்புப் போட்டு வெயில்ல காய வைங்க."

அன்று மத்தியானம் ஒவ்வொன்றாகத் துடைத்துக் கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பக்கத்தில், ஜன்னலோரம் என்று பேப்பர் விரித்து அடுக்கினேன். எங்களுக்கு நடக்க ஒற்றையடிப் பாதை மிஞ்சியது.

"தக்காளிக்குப் பட்டா போட்டுக் குடுத்துட்டீங்களா?" என்றாள் மனைவி. ஆனால் தண்டனை சொன்ன அவளே அடுப்படியில் நின்று நல்லெண்ணெய் மிதக்க மிதக்கத் தொக்கும் கிண்டினாள். ஆறவைத்து, ஈரமில்லாத பாட்டிலில் அடைத்து, "இதுல ஈரக் கரண்டி போட்டீங்க, அப்புறம் தெரியும்" என்று எனக்கொரு எச்சரிக்கைக் கூண்டும் ஏற்றினாள். மாடியில் பழைய வேட்டியில் தக்காளித் துண்டுகள் காய்ந்தன. வராத புயல் வெயிலையாவது விட்டுவிட்டுப் போயிருந்தது.

அப்படியும் தீரவில்லை. "திங்கறவங்களுக்குக் குடுங்க, தூக்கிப் போடறவங்களுக்குக் குடுக்காதீங்க" என்று அனுமதி கிடைத்தது. தின்கிறவன் என்றால் சிதம்பரத்தில் இருக்கும் அவள் தம்பிதான். சந்தைப் பையில் ஐந்து கிலோவைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மச்சான் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டான். "வாங்க மாமா! நானே உங்க வீட்டுக்கு வரணும்னு இருந்தேன்." கூடத்தில் பார்த்தால் ஒரு சாக்குக் கத்தரிக்காய். அவனும் அதே புயலுக்கு வாங்கியதுதான். "கொத்சு வச்சே ஒரு வாரம் ஓடிடுச்சி மாமா. உங்க தங்கச்சி அடுப்பாண்ட போவ மாட்டேங்குறா." என் தக்காளியை அவசரமாகக் கவிழ்த்துக்கொண்டு, அதே பையில் ஆறு கிலோ கத்தரிக்காயைத் திணித்து, பஸ் வரைக்கும் கூடவே வந்து ஏற்றிவிட்டான். நான் திரும்பி இறங்கிவிடுவேனோ என்ற பயம் அவனுக்கு.

கத்தரிக்காயோடு வந்து நின்ற என் கையிலிருந்து மனைவி பையை வாங்கினாள். அரிந்து, உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் ஒரு கொதி விட்டு, வடித்து, மாடியில் கொண்டுபோய்ப் பரப்பினாள். அதுவும் வத்தலானது.

பத்தாம் நாள் தரையில் ஒரு தக்காளி இல்லை. பேப்பரையெல்லாம் மடித்து வைத்துவிட்டு, "என்னமோ சொன்னியே?" என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு, ஆணியில் தொங்கிய பையை எடுத்தேன். அடிப்பக்கம் சொதசொதவென்று இருந்தது. மச்சான் கவிழ்த்த அவசரத்தில் மூலையில் ஒன்று தங்கியிருக்கிறது. மேலிருந்த கத்தரிக்காய்களை நாங்கள் கையால்தான் எடுத்தோம், பையை உதறவில்லை. வாசனை எனக்கு முன்னால் அவளுக்குப் போய்விட்டது.

"ஒண்ணுன்னாலும் ஒண்ணுதாங்க" என்று கையை நீட்டினாள்.

பையைத் துவைத்துக் கொடியில் போட்டாள். காய்ந்த பிறகும் எடுக்கவில்லை. காலை நேரத்தில் நான் வாசலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவும் ஆள் இல்லை, சொல்லவும் ஆள் இல்லை. போனில் ஆர்டர் வந்தது. இன்னும் கொஞ்சம் வாங்கினால் டெலிவரி இலவசம் என்று போன் சொன்னதாம், இவளும் கொஞ்சம் வாங்கினாளாம். முதல் நாள் மூன்று கிலோ உருளைக்கிழங்கு. அடுத்த நாள் ஒரு முழுப் பூசணி, வீட்டில் இருப்பது இரண்டு பேர். மூன்றாம் நாள் பிளாஸ்டிக் பெட்டியில் மூச்சு முட்ட அடுக்கிய தக்காளி. கீழ்வரிசை நான்கும் அழுகல்.

நான் வாயைத் திறக்கவில்லை. இந்த வீட்டில் நான் செய்த மிகப் பெரிய தியாகம் அதுதான்.

நாலாம் நாள் காலையில் பை என் மடியில் வந்து விழுந்தது. "அரைக் கிலோ தக்காளி. அதுக்கு மேல ஒண்ணு கூட வரக்கூடாது."

சந்தையில் தக்காளிக்காரம்மா தூரத்திலேயே பார்த்துவிட்டாள். "எங்க சார் நாலு நாளா ஆளையே காணோம்? ஊருக்கா?"

"உள்ள போட்டுட்டாங்கம்மா."

சிரித்துக்கொண்டே அரைக் கிலோ நிறுத்தாள். நான் பையை மூடுவதற்குள், கொசுறு என்று நல்ல பழமாக இரண்டை எடுத்து என் கையில் வைத்தாள். வேண்டாம் என்றால் அவள் முகம் வாடிவிடும். கொண்டுபோனால் பை போய்விடும்.

சட்டையில் துடைத்து, அங்கேயே நின்றபடி இரண்டையும் தின்றேன்.

"ஏன் சார், வீட்ல சோறு போடலியா?" என்றாள். என் வாய் நிறையத் தக்காளி.