மீன் பொரித்த நாள்

எங்கள் ஊர் அம்மன் கோயிலில் கொடி ஏறினால் ஒரு வீட்டிலும் மச்சம் சமைக்க மாட்டார்கள். மீன் இல்லை, இறைச்சி இல்லை, முட்டையும் இல்லை. கடலை நம்பி இருக்கிற ஊர். ஆனாலும் தீமிதிப்பு முடியும் வரைக்கும் தோணிகள் கரையில் கிடக்கும். எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து அப்படித்தான்.

அப்படிப்பட்ட நாட்களில் ஒரு நாள் நான் மீன் பொரித்தேன்.

நான் இடியப்பம் அவித்து விற்கிறவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் சரி. என் கணவர் ஒலுவில் துறைமுகத்தில் இருந்து பெரிய வள்ளத்தில் ஆழ்கடலுக்குப் போகிறவர். போனால் பத்து நாள், பன்னிரண்டு நாள். பிள்ளைகள் இல்லை. அக்கா பக்கத்து வீடு. அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் தந்த ஒரே வளவு அது. நடுவில் ஒரு தகர வேலி. அக்காவின் வீடு றோட்டுப் பக்கம், என் வீடு கடல் பக்கம். நான் வெளியே போவதென்றால் அக்காவின் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கிறிஸ்தவர்களின் தகரக் கூரைச் செபக்கூடத்துக்கு நான் முதலில் போனது சாமி கும்பிட இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சாப்பிட அவர்களுக்கு இடியப்பம் வேண்டும் என்றார்கள். கொண்டு போவேன். அவர்கள் பாடி முடிக்கும் வரை வாசல் படியில் பெட்டியோடு இருப்பேன். ஒரு வருஷம் படியில் இருந்தேன். பிறகு ஒரு நாள் உள்ளே போய் இருந்தேன். ஒருத்தரும் கூப்பிடவில்லை. ஏன் போனாய் என்று கேட்டால் எனக்கு விளக்கமாகச் சொல்லத் தெரியாது. படியில் இருந்த என்னையும் ஆண்டவர் எண்ணிக்கொண்டுதான் இருந்தார் என்று பட்டது. அவ்வளவுதான்.

கணவருக்குச் சொன்னேன். அவர் வலைக்கு நூல் கோத்துக்கொண்டு இருந்தார்.

"நீ போ. என்னக் கூப்பிடாத" என்றார்.

அக்கா அப்படி விடவில்லை. மூன்று நாள் அழுதாள். பிறகு ஏசினாள். நான் ஞானஸ்நானம் எடுத்த பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நான் வாசலைத் தாண்டிப் போனதும் ஒரு வாளி சாணித் தண்ணீர் கொண்டு வந்து நான் நடந்த இடத்தில் தெளிப்பாள். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. சத்தம் மட்டும் கேட்கும்.

அந்த வருஷம் கொடி ஏறியிருந்தது. கணவர் கடலால் வந்தார். கையில் ஒரு சூரை மீன்.

"ஊர்ல கொடி ஏறிட்டா?" என்று கேட்டார். "கடலுக்குள்ள நாள் கிழம தெரியல்ல. இத இஞ்ச வைக்காத. கல்முனைக்குடியில முஸ்லிம் ஆக்கள் ஆருக்கும் குடு."

"ஏன் குடுக்கணும்? நான் இப்ப அந்தப் பக்கம் இல்லத்தானே."

"நீ எந்தப் பக்கமெண்டாலும் இரு. மீன் வாசத்துக்குப் பக்கம் தெரியுமா?"

சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

எனக்கு அப்போது ஒரு வீறாப்பு இருந்தது. தின்னுகிறதில் ஒன்றும் இல்லை என்று செபக்கூடத்தில் படித்திருந்தோம். நான் யாருக்கும் பயப்படத் தேவையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் அடுப்பை மூட்டினேன். காலையில் கச்சான் காற்று. தரையில் இருந்து கடலுக்கு அடிக்கும். வாசம் கடலுக்குப் போய்விடும் என்று நினைத்தேன். மீனை வெட்டி, மஞ்சளும் தூளும் பிரட்டி, எண்ணெயில் போடும்போது நேரம் போய்விட்டது. காற்று கடலில் இருந்து திரும்பிவிட்டது. கடற்கரையில் பிறந்தவள் நான். மத்தியானத்தில் காற்று திரும்பும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அன்று அது நினைவில் இல்லை.

அக்கா அந்த வருஷம் தீ மிதிக்க நேர்ந்திருந்தாள். அத்தானுக்கு நெஞ்சில் ஆபரேசன் செய்தபோது வைத்த நேர்த்தி. மூன்று வருஷம் தீயில் இறங்குகிறேன், ஆளைத் தா என்று அம்மனிடம் கேட்டிருந்தாள். அது மூன்றாவது வருஷம். ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டு, நிலத்தில் பாய் போட்டுப் படுத்து, விரதமாக இருந்தாள். வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருந்தாள்.

மஞ்சள் சேலையோடு வந்து என் குசினி வாசலில் நின்றாள். மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்தியிருந்தாள்.

"என்னடி செய்யிறாய்?"

"சமைக்கிறன்."

"என்னத்தச் சமைக்கிறாய்?"

நான் மீனைத் திருப்பிப் போட்டேன். சட்டி பேசிக்கொண்டிருந்தது.

"அந்தச் செபக்கூடத்தில எத்தின பால்மா பக்கட் தந்தவங்க உனக்கு? எண்ட விரதத்த முறிக்கச் சொல்லித் தந்தவங்களா?"

"ஒருத்தரும் ஒண்டும் தரல்ல. எண்ட வீடு. எண்ட அடுப்பு."

அந்தச் சொல்லை இன்றைக்கும் நினைக்கிறேன். அவள் கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினாள். வாளி வாளியாக ஊற்றினாள். பிறகு கோயிலுக்குப் போனாள். விரதம் முறிந்து போச்சு, இம்முறை இறங்க வேண்டாம் என்று பூசாரி சொல்லிவிட்டார்.

தீமிதிப்பு அன்று அக்கா கூட்டத்தில் நின்று பார்த்தாள் என்று கேள்விப்பட்டேன். கையில் வேப்பிலைக் கட்டு இருந்ததாம்.

அதோடு எங்கள் தெருவில் என்னிடம் இடியப்பம் வாங்குவதை விட்டார்கள். சந்தியில் கோயில் ஆட்கள் என் கணவரை நிறுத்திக் கேட்டார்கள்.

"டேய், நீ மனிசிய வைச்சிருக்கிறியா, மனிசி உன்ன வைச்சிருக்காவா?"

"எங்க ரெண்டு பேரையும் இடியப்பம்தான் வைச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்று பொரித்த மீனையும் அவர் தொட்டிருக்கவில்லை. நானும் தின்னவில்லை. பூனைக்குப் போனது.

செபக்கூடத்தில் நடந்தது இன்னொன்று. விஷயம் அங்கேயும் போய்விட்டது. ஒரு அம்மா எழும்பி, இந்தச் சகோதரி பயப்படாமல் சாட்சியாக நின்றா என்று எல்லாருக்கும் சொன்னா. கை தட்டினார்கள். எனக்கு நிலத்துக்குள் போகலாம் போல இருந்தது. காற்றுப் பார்த்து அடுப்பு மூட்டினவள் நான். அதை நான் அங்கே சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டு கிழமையில் அத்தானுக்கு மூச்சு வாங்கியது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். என்னால்தான் என்று தெரு சொன்னது. அக்கா சொல்லவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அவள் அழுகிற சத்தம் கேட்டது. அது சொன்னதை விட மோசம். அத்தான் ஆறாம் நாள் திரும்பி வந்தார். மெலிந்து போயிருந்தார்.

அந்த நாட்களில் என் இடியப்பம் முழுவதும் கல்முனைக்குடிக்குத்தான் போனது. அங்கே ஒரு ராத்தா. அக்காவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெரிய குடும்பம். பத்து வருஷமாக வாங்குகிறவ. பெட்டியை இறக்கும்போது என் முகத்தைப் பார்த்துக் கேட்டா.

"என்ன புள்ள, மூஞ்சி ஏன் இப்பிடி இரிக்கு?"

சொன்னேன். முழுக்கச் சொன்னேன். ராத்தா இடியப்பத்தை எண்ணிக்கொண்டே கேட்டா.

"நோன்பு காலத்தில நீ எங்கட தெருவால எத்தின வருசம் வந்திரிக்காய்?"

"பத்து வருசம் இருக்கும்."

"ஒரு நாளாவது எங்கட தெருவில தண்ணி குடிச்சியா?"

"இல்ல ராத்தா."

"வெயில்ல வருவாய். நாக்கு வறண்டிரிக்கும். குடிக்க மாட்டாய். பெட்டிக்கும் துணி போட்டு மூடிக்கிட்டு, பின்னேரம்தான் கொண்டு வருவாய். ஆரும் செல்லித் தந்தாங்களா?"

"இல்ல."

"நீ நோன்பு புடிக்கிற ஆளும் இல்லயே?"

"இல்ல."

"பின்ன?" என்றா ராத்தா. "எங்களுக்குச் செய்தத உண்ட ராத்தாவுக்குச் செய்யல்ல. இருவது வைச்சிட்டுப் போ. நாளைக்கு அஞ்சு கூட."

வெறும் பெட்டியோடு நடந்து வந்தேன். ராத்தா சொன்னது சரி. அங்கே நான் மற்றவர்களின் ஆள். அதனால் கவனமாக இருந்தேன். அக்கா என் ஆள். என் வீறாப்பு எல்லாம் அவளிடம்தான் போனது. ஆண்டவருக்காகச் செய்தேன் என்று நினைத்திருந்தேன். அன்று அடுப்படியில் நின்றது நான் மட்டும்தான்.

அடுத்த ஞாயிறு செபக்கூடத்தில் எழும்பி நின்று சொன்னேன். "நான் செய்தது சாட்சி இல்ல. எண்ட அக்காட மனச நோகப் பண்ணிட்டன்." இருந்துவிட்டேன். ஒருத்தரும் கை தட்டவில்லை. முடிந்ததும் போதகர் வந்தார். இளம் ஆள்.

"அக்காட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அங்க முதல் கேட்டுட்டு இஞ்ச வந்து சொல்லியிருக்கலாம்" என்றார்.

அதுவும் சரிதான்.

அன்றைக்கே போனேன். அக்கா வாசலில் அத்தானுக்கு உப்பில்லாக் கஞ்சி ஆற்றிக்கொண்டு இருந்தாள். நான் நிலத்தில் இருந்தேன்.

"அக்கா, அண்டைக்கு நான் செய்தது பிழை. நீ விரதம் எண்டு தெரிஞ்சுதான் செய்தன்."

கஞ்சியை ஆற்றினாள்.

"ஒரு நாளைக்குக் கோயிலடிக்கு வா" என்றாள். "குளிச்சிட்டு வந்து அம்மனுக்கு முன்னால தலை குனிஞ்சு நில்லு. ஒரு நாள் போதும். நான் எல்லாத்தையும் மறந்திடுவன். தெருவும் மறந்திடும்."

"உனக்கு முன்னால எத்தின தரமும் குனியிறன் அக்கா. அங்க ஏலா."

"நான் பெரிசா, அந்தத் தகரக் கூடம் பெரிசா?"

சொல்ல எனக்குப் பதில் இருந்தது. அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வரவில்லை. அத்தான்தான் சொன்னார், "விடு, அவள் போகட்டும்" என்று. எந்த அர்த்தத்தில் சொன்னார் தெரியாது. எழும்பி வந்தேன்.

பிறகு மூன்று ஞாயிறு நான் செபக்கூடத்துக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். காய்ச்சல் இல்லை. ஒரு தரம் தலை குனிந்து நின்றால் என்ன என்று யோசித்தேன். உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே ஒன்றைச் செய்கிறவர்கள் எத்தனை பேர். அக்கா கிடைப்பாள். தெரு கிடைக்கும். வேதத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அந்த மூன்று கிழமையும் திறக்கவில்லை. மா பிசைகிறபோது மட்டும், "நான் இஞ்சதான் இருக்கிறன்" என்று சொல்வேன். வேறு செபம் வரவில்லை.

நான்காம் ஞாயிறு விடிய இடியப்பம் அவித்தேன். பெட்டியில் அடுக்கினேன். யாரும் கேட்டனுப்பவில்லை. கை தன் பாட்டில் அடுக்கியது. அக்கா பார்க்கக் கோயிலில் பொய்யாகக் குனிந்து நின்றால் இரண்டாம் தரமும் அவளை ஏமாற்றினவள் ஆவேன் என்று அப்போதுதான் தெளிந்தது. ஆண்டவரையும் ஏமாற்றினவள் ஆவேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். பின்னால் சாணித் தண்ணீர் விழுந்தது. போய்ப் படியில் இருக்காமல் உள்ளே போய் இருந்தேன்.

ஒரு வருஷம் அப்படியே போனது. ஞாயிறு தோறும் போனேன். ஞாயிறு தோறும் தண்ணீர் விழுந்தது. அக்கா பேசவில்லை. நான் காலையில் கல்முனைக்குடிக்குப் போகிறபோது அத்தானுக்கென்று நாலு இடியப்பம் மூடி, வேலித் தூணில் வைத்துவிட்டுப் போவேன். முதலில் காகம் தின்றது. பிறகு ஒரு நாள் தட்டு கழுவித் திரும்பி வந்தது. யார் கழுவினது என்று நான் கேட்கவில்லை.

மறுபடி கொடி ஏறியது. ஏறுவதற்கு முதல் நாள் சட்டி, தாச்சி எல்லாம் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். கணவருக்குப் போன் போட்டேன். அவர் வள்ளம் கரைக்கு வந்திருந்தது.

"ஒண்டும் கொண்டு வராதீங்க."

"அப்ப நானும் வரவா, வேணாமா? என்னிலயும் மீன் வாசம்தான்."

"குளிச்சிட்டு வாங்க."

முடியும் வரைக்கும் என் வீட்டில் பருப்பும் கீரையும்தான். கோயிலுக்குப் போகவில்லை. மேளச் சத்தம் குசினி வரைக்கும் வந்தது. அக்கா கடைசி நாட்கள் கோயிலிலேயே தங்கினாள். அத்தானுக்கு மூன்று நேரமும் உப்பில்லாமல் நான்தான் சமைத்தேன். அவர் சாப்பிட்டார். "உண்ட கையும் அவள்ட கையும் ஒண்டுதான்" என்றார். தீமிதிப்பு அன்று நான் வீட்டில் இருந்து, அக்காவின் காலுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று செபித்தேன். அப்படிச் செபிக்கலாமா என்று போதகரிடம் கேட்கவில்லை. கேட்டால் யோசித்திருப்பார்.

அக்கா இறங்கினாள். நடந்து வந்தாள். கால் நல்லபடி இருந்தது. அத்தான் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டேன். வெயில் ஏறியிருந்தது. அக்கா வாசலில் நின்றாள். வாளி கையில் இருந்தது. நான் வழமை போல நிலத்தைப் பார்த்துக்கொண்டு தாண்டினேன்.

"இஞ்ச" என்றாள்.

நின்றேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் சொல்.

"வெயில் தலையப் பொளக்குது. குடையக் கொண்டு போ."

திண்ணையில் கிடந்த அத்தானின் கறுப்புக் குடையை எடுத்து நீட்டினாள். பெட்டி ஒரு கை, குடை ஒரு கை.

"இடியப்பம் மிஞ்சினா கொண்டு வா. அவர் கேக்கிறார்."

"ஓம் அக்கா."

குடையை விரித்துக்கொண்டு நடந்தேன். நாலு அடி போயிருப்பேன். பின்னால் சாணித் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. செபக்கூடத்தில் பாட்டுத் தொடங்கிவிட்டது. எட்டி நடந்தேன்.