பீக் அவரில் மூடிய கதவு

"தொறக்கறவங்க கைய ஒடிச்சிடுவேன்" என்று பொதுவாக அறிவித்துவிட்டு, மாலை ஆறு மணிக்கு முனிலட்சுமி குளிர் அறையின் சுவிட்சை அணைப்பார். கதவிடுக்கில் பழைய கம்பளியைத் திணிப்பார். பிறகு கதவை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்தால், பீக் அவர் முடியும்வரை எழுந்திருக்க மாட்டார். போன வருடம் முழுக்க இதுதான் அவருடைய சாயங்காலம்.

உள்ளே இருப்பவை ரோஜா மொட்டுகள். கர்நாடக எல்லையோரத் தளியைச் சுற்றியுள்ள தோட்டக்காரர்கள் பறித்துக் கொடுக்கும் பூ, விடியற்காலை பெங்களூரு வண்டி வரும்வரை அங்கே குளிரில் இருக்கும். பீக் அவர் என்று மாலை நேரத்து மின்சாரத்துக்குக் கூடுதல் கட்டணம் வந்ததும், அந்நேரம் மெஷினை நிறுத்துவதைத் தவிர அவருக்கு வேறு வழி தெரியவில்லை. கோடையில் ஒரு கம்பளி எவ்வளவு குளிரைத்தான் பிடித்துவைக்கும்? மொட்டு விரிந்தால் சந்தையில் கழித்துவிடுவார்கள். இன்னொரு முறை விரிந்தால் பூவை வேறிடம் கொண்டுபோவதாகத் தோட்டக்காரர் ஆஞ்சப்பன் சொல்லிவிட்டார். அவர் போனால் மற்ற தோட்டக்காரர்களும் போவார்கள். அறையை மூட வேண்டியதுதான்.

முனிலட்சுமி படித்தது கன்னடப் பள்ளியில். வாசிப்பதும் கன்னடப் பேப்பர். மின்கட்டணம் பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள் என்று அதில் பார்த்தவர், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பெங்களூருக்குப் பஸ் ஏறினார். கன்னடத்தில் வெளுத்து வாங்கினார். கூட்டம் கைதட்டியது. இணைப்பு எண்ணைக் கேட்டபோதுதான், அவருடையது தமிழ்நாட்டு மின்சாரம் என்பது அதிகாரிகளுக்கும் அவருக்கும் சேர்ந்து உறைத்தது. டீ கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

"பக்கத்து ஸ்டேட்டு கரண்டுக்கு நியாயம் கேட்டுக்கினு வந்துட்டியாக்கா" என்று ஆஞ்சப்பன் சிரித்தார்.

"ஒத்திகை பாத்தேன்டா, போ."

பிறகு முனிலட்சுமி தமிழ்நாட்டில் நடந்த சரியான கூட்டத்துக்கும் போனார். அங்கே பேசியது கொஞ்சம்தான்: "ஆறு மணிக்கு மேல விரியக் கூடாதுன்னு பூவுக்கு ஒரு ஆர்டர் போடுங்க சார். நானு மெஷின நிறுத்திக்கறேன்."

இந்த வருட உத்தரவில், விளைபொருள் வைக்கும் சிறு குளிர் அறைகளுக்கு அந்த மாலைக் கட்டணம் இல்லை. கணவர் கங்கப்பன் தமிழ்ப் பேப்பரைப் படித்துச் சொல்லியும் நம்பாமல், முனிலட்சுமி மின்வாரிய அலுவலகத்துக்கே போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

நேற்று ஆறு மணிக்கு நாற்காலி காலி. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆஞ்சப்பன் பூவோடு வந்து கதவைத் திறந்தார். யாரும் கையை ஒடிக்கவில்லை. உள்ளே முனிலட்சுமி மொட்டுகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

"கதவச் சாத்துடா, குளுருது" என்றார். கதவோரம் கிடந்த கம்பளியை எடுத்து உதறி, தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டார்.